பனி நின்ற மறுநாள்

புனேயிலிருந்து இமயமலைக்குப் போகும் தமிழ் மலையேற்றக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்



ஹிஞ்சேவாடியிலும் கராடியிலும் மகர்பட்டாவிலும் வேலை பார்த்துக்கொண்டு, சனி ஞாயிறானால் ராஜ்கட், தோர்ணா, ஹரிஷ்சந்திரகட் என்று கிளம்பிவிடுகிறவர்கள் நீங்கள். டிசம்பர் பிறந்ததும் உங்களில் பலருடைய பார்வை வடக்கே திரும்புகிறது. கேதார்காந்தா, பிரம்மதால், குவாரி பாஸ் என்று பட்டியல் நீள்கிறது. பனிச்சறுக்குப் பழகிய சிலர் குல்மார்க் வரை போகிறீர்கள். போகாதீர்கள் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. ஒரே ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கிறேன். மலையேறுகிறவருக்குப் பனிமலையில் மிக ஆபத்தான நாள், பனியும் காற்றும் ஓய்ந்து வானம் வெளுத்த அந்த முதல் நாள்தான். புனேயில் உட்கார்ந்து நாம் போடும் பயணத் திட்டமோ, கணக்குப் பிசகாமல் அந்த நாளில்தான் நம்மைக் கொண்டுபோய்ச் சரிவில் நிறுத்துகிறது. ஆகவே பனிச்சரிவு ஆபத்தை எடைபோடும் வேலையை மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு தொடங்கினால் காலம் கடந்துவிடும். டிக்கெட் போடும் அன்றைக்கே அதைத் தொடங்க வேண்டும்.

முதலில் பனி எப்படிச் சரிகிறது என்று பார்த்துவிடலாம். பொலபொலவென்று உதிர்ந்து வரும் பனியைவிடப் பாளமாகப் பெயர்ந்து வரும் பனிதான் அதிக உயிர்களைக் குடிக்கிறது. மலைமேல் கிடக்கும் பனி ஒரே கட்டியாக இருப்பதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. நவம்பர், டிசம்பரில் விழும் முதல் பனி பெரும்பாலும் மெல்லியது. அதன் அடிப்பக்கம் தரையின் கதகதப்பில் இருக்கும்; மேற்பரப்போ மேகமில்லாத இரவுகளின் கடுங்குளிரில் இருக்கும். இந்த வெப்ப வேறுபாட்டால் உள்ளே இருக்கும் பனி உருமாறி, ஒன்றோடொன்று ஒட்டாத பெரிய படிகங்களாகிவிடும். பனி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு வேகமாக இது நடக்கும். ஜனவரியில் அதன்மேல் ஒன்றரை அடி புதுப் பனி விழுந்து இறுகினால், கடுகைப் பரப்பிய மேசைமேல் கண்ணாடிப் பலகையை வைத்து மேசையைச் சாய்த்த கதைதான். பலகை உறுதியாகத் தெரியும். பிடிமானம் மட்டும் இருக்காது. சாய்வு 30 டிகிரியைத் தாண்டினால் பாளம் நழுவ வழி பிறக்கிறது. 30க்கும் 45க்கும் இடையில்தான் பெரும்பாலான பாளச் சரிவுகள் நடக்கின்றன. 38 டிகிரியை ஒட்டி மிக அதிகம். கண்ணுக்கு அது அப்படியொன்றும் செங்குத்தாகத் தெரியாது. ஏறவும் சறுக்கவும் ஆசை காட்டுவதே அந்தச் சாய்வுதான்.

இதில் காற்றின் பங்கை நம்மில் பலர் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. எத்தனை அடி பனி பெய்தது என்று விசாரிக்கிறோம். எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு நேரம் காற்றடித்தது என்று கேட்பதில்லை. மணிக்கு 25, 30 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்றே இறுகாத பனியை வாரி எடுத்துப் போகப் போதும். முகட்டின் ஒரு பக்கத்தில் வழித்த பனியை அது மறுபக்கத்தில் கொட்டுகிறது. வானத்திலிருந்து விழும் வேகத்தைப் போலப் பத்து மடங்கு வேகத்தில்கூட அந்த மறைவுப் பக்கத்தில் பனியைக் குவித்துவிடும். முகாமில் ஓர் அடி பெய்த இரவில் முகட்டுக்குப் பின்னால் நாலடி சேர்ந்திருக்கலாம். உருண்டு மோதி நுணுங்கிய துகள்கள் நெருக்கமாக அடைந்து பாளமாக இறுகுவதால், காற்று கொண்டுவந்த பனி எடையும் அதிகம், விறைப்பும் அதிகம். மறுநாள் காலை முகட்டைக் கூர்ந்து பார்த்தால் இரவில் நடந்தது அத்தனையும் அங்கே எழுதியிருக்கும். காற்று வந்த பக்கத்தில் பாறை வெளியே தெரியும். மிச்சமிருக்கும் பனியில் வரிவரியாக அரிப்பு இருக்கும். மறுபக்கத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் பனி வழவழவென்று உப்பி நிற்கும். முகட்டு விளிம்பிலிருந்து அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பனி எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கத்துச் சரிவில்தான் காற்று சுமையை ஏற்றியிருக்கிறது. அங்கே கோலால் தட்டினால் உள்ளே கூடாக இருப்பதுபோல் சத்தம் வரும். காலடியில் ‘வும்’ என்று பனி அமுங்கினாலோ, பூட்ஸ் முனையிலிருந்து விரிசல் கிளம்பி ஓடினாலோ, அடியிலிருக்கும் வலுவில்லாத அடுக்கு உடைந்துவிட்டது என்று பொருள். அதற்குமேல் சோதிக்க எதுவுமில்லை. வந்த தடத்திலேயே திரும்ப வேண்டியதுதான்.

பனி கொட்டும்போதே சரிவுகள் விழுவதில்லையா என்று கேட்கலாம். விழுகின்றன. 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்ட் மாநிலம் மாணா கிராமத்துக்கு அருகே எல்லைச் சாலை அமைப்பின் தொழிலாளர் முகாம்மீது, கடும் பனிப்பொழிவுக்கு நடுவேதான் பனி இறங்கியது. 54 பேர் சிக்கினார்கள். 8 பேர் இறந்தார்கள். புதுப் பனியின் சுமை தாங்காமல் தானாகவே விழும் சரிவுகள் பெரும்பாலும் பொழிவின்போதும் அடுத்த சில மணி நேரத்திலும் விழுந்துவிடுகின்றன. ஆனால் அந்த நேரத்தில் மலையேறிகள் கூடாரத்தில் முடங்கியிருப்பார்கள். விழாமல் தொங்கலில் நிற்கும் சரிவுகள்தான் மறுநாளைய ஆபத்து. அவற்றுக்கு ஒரு மனிதனின் எடை போதும். போதாக்குறைக்கு அன்றைய வெயில் பாளத்தின் மேற்புறத்தை இளக்கிவிடும். குல்மார்க்கில் 2023 ஜனவரி கடைசியில் கனத்த பனி பெய்தது. பிப்ரவரி 1 அன்று அஃபர்வாட் மலையில் பனிச்சறுக்குக்குப் போன இரண்டு போலந்து நாட்டவர் பனிச்சரிவில் இறந்தார்கள். அடுத்த ஆண்டும் அதே கதை: நாலைந்து நாள் பொழிவுக்குப் பின் 2024 பிப்ரவரி 22 அன்று அதே மலைப்பகுதியில் ரஷ்யர் ஒருவர் உயிரிழந்தார். இருவேறு ஆண்டுகள், இருவேறு குழுக்கள், ஆனால் நிகழ்ந்த வரிசை ஒன்றுதான். பனி, காற்று, பிறகு கண்ணைப் பறிக்கும் வெளிச்சம்.

இனி நம் நாட்காட்டியைப் பாருங்கள். மேற்கு இமயமலைக்குக் குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி வரும் மேற்கத்திய இடையூறு என்று வானிலைத் துறை அழைக்கும் அமைப்பு. டிசம்பரிலிருந்து மார்ச் வரை மாதத்துக்கு நாலைந்தாவது வந்துபோகும். எல்லாமே கனத்த பனியைக் கொட்டுவதில்லை என்றாலும், சராசரியாக வாரத்துக்கு ஒன்று வருகிறது. அப்படியானால் எட்டு நாள் பயணத்தில் ஒன்றைச் சந்திப்பதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லக் கூடாது. அதுதான் எதிர்பார்க்க வேண்டியது. நம் திட்டம் எப்படி இருக்கிறது? ஜனவரி 26 விடுமுறையோடு நாலைந்து நாள் லீவைச் சேர்த்து, இரண்டு மாதம் முன்னதாகவே டிக்கெட் போடுகிறோம். டேராடூனுக்கோ ஸ்ரீநகருக்கோ விமானம், அல்லது ஜீலம் எக்ஸ்பிரஸில் ஜம்மு. போகவர நாலு நாள் கழிந்தால், மலையில் மிஞ்சுவது நாலே நாள். அதில் இரண்டு நாள் பனி கொட்டுகிறது என்று வையுங்கள். மூன்றாம் நாள் வானம் திறக்கிறது. நான்காம் நாள் இறங்கியாக வேண்டும், திங்கட்கிழமை அலுவலகம். உச்சிக்குப் போக மிஞ்சியிருப்பது அந்த மூன்றாம் நாள் மட்டும்தான். அன்று எந்தச் சரிவு பாதுகாப்பானது என்று யாரும் தீர்மானிப்பதில்லை; இரண்டு மாதத்துக்கு முன் ரயில்வே இணையதளமே தீர்மானித்துவிட்டது. திட்டத்தில் ஓய்வு நாள் ஒன்றுகூட இல்லாத குழுவிடம் பனி அறிவியல் எவ்வளவு இருந்தாலும், அதைப் பயன்படுத்த அவகாசம் இருக்காது.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, விதி. இமயமலையில் எதுவும் நடக்கலாம், யாரால் கணிக்க முடியும் என்பது. ஓரளவு உண்மைதான். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல்நிலையைப் பெரும் பனிச்சுவர் இடிந்து மூடியபோது, மெட்ராஸ் ரெஜிமென்டின் 10 வீரர்கள் புதைந்தார்கள்; அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். அங்கே நிற்பது அவர்கள் கடமை. இடிந்து விழும் பனிச்சுவருக்கு நாள் குறிக்கவும் எவராலும் முடியாது. ஆனால் பொழுதுபோக்காக மலைக்குப் போகிறவர்களைக் கொல்லும் சரிவுகள் வேறு வகையைச் சேர்ந்தவை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் திரட்டிய விபத்துக் கணக்குகள் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொல்கின்றன: உயிரிழப்பு ஏற்பட்ட விபத்துகளில் சுமார் பத்தில் ஒன்பதில், சரிவைக் கிளப்பியவர் இறந்தவரே, அல்லது அவருடன் வந்தவர். அவர்கள் அந்தச் சரிவில் அந்த நேரத்தில் கால் வைக்காதிருந்தால் அந்த மரணம் இல்லை. விதி என்று சொல்லிவிட்டால் யோசிக்க வேண்டிய வேலை மிச்சம் என்பதைத் தவிர, அந்தச் சொல்லால் இங்கே வேறு பயன் எதுவுமில்லை.

இரண்டாவது மறுப்பு, வழிகாட்டி இருக்கிறார் என்பது. பணம் கட்டியிருக்கிறோம், உள்ளூர்க்காரர், மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், அவர் பார்த்துக்கொள்வார். வழிகாட்டிகளின் அறிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அனுபவம் மட்டும் காக்கும் என்றால் 2022 அக்டோபர் 4 நடந்திருக்கக் கூடாது. உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனம் நாட்டின் மூத்த பயிற்சி நிலையங்களில் ஒன்று, 1965இல் தொடங்கியது. அதன் உயர்நிலைப் பயிற்சி மாணவர்களும் பயிற்றுநர்களும் திரௌபதி கா தாண்டா சிகரத்தை நெருங்கியபோது பனிச்சரிவு அவர்களைப் பிளவுக்குள் தள்ளியது. 27 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு மே மாதத்தில் 16 நாட்களுக்குள் எவரெஸ்ட்டையும் மகாலுவையும் ஏறி முடித்த பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் அவர்களில் ஒருவர். அமெரிக்காவில் 2012 பிப்ரவரி 19 அன்று ஸ்டீவன்ஸ் பாஸ் அருகே டன்னல் க்ரீக்கில் புதுப் பனிக்குப் பின் இறங்கிய பெரிய குழுவில் இருந்தவர்கள் பனிச்சறுக்கில் ஊறியவர்கள், மூவர் பிழைக்கவில்லை. இயன் மெக்கேமன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து, ஆபத்தின் அறிகுறிகள் கண்ணெதிரே இருந்தும் குழுக்கள் ஏன் உள்ளே போயின என்று தேடினார். பழகிய இடம் என்ற தைரியம், போட்ட திட்டத்தை விட மனமில்லாமை, முன்னே போனவர்களின் தடம், நிபுணர் ஒருவர் கூட இருக்கிறார் என்ற நம்பிக்கை ஆகியவை அவர் கண்ட காரணங்களில் சில. முறையான பயிற்சி பெற்றவர்களும் இவற்றுக்கு விலக்காகவில்லை. இன்னொன்றையும் யோசியுங்கள். வழிகாட்டிக்கு ஆபத்து தெரிந்தாலும், பின்னால் நிற்கும் பதினைந்து பேர் பணம் கட்டி, லீவு எடுத்து, ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தாண்டி வந்தவர்கள் என்பதும் அவருக்குத் தெரியும். திரும்பலாம் என்று அவர் வாய்திறக்க நாம் இடம் கொடுக்கிறோமா?

மூன்றாவதாக, அரசு எச்சரிக்கை வருகிறதே என்பீர்கள். வருகிறது. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின்கீழ் சண்டிகரில் இயங்கும் டிஜிஆர்இ நிறுவனம் மாவட்டவாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. மாணா விபத்துக்கு முந்தைய நாள் மாலையே சமோலி உள்ளிட்ட மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேற்பட்ட பகுதிகளுக்கு எச்சரிக்கை வந்துவிட்டது. கணிப்பு இருக்கிறது என்பதற்கு அது சான்று. கணிப்பு மட்டும் போதாது என்பதற்கும் அதுவே சான்று. எச்சரிக்கையைக் கேட்டு இடம் மாற வழியும் அவகாசமும் இருந்தால்தான் அதனால் பயன். மேலும் மாவட்டம் என்பது பல ஆயிரம் சரிவுகளைக் கொண்டது. நீங்கள் கடக்கப்போகும் சரிவு வடக்கே பார்க்கிறதா, காற்றின் மறைவில் இருக்கிறதா, எத்தனை டிகிரி என்பதை எந்த அறிக்கையும் சொல்லாது. அதைக் கண்டறிவது அங்கே நிற்கிறவர் பொறுப்பு. எச்சரிக்கைகளின் ஆபத்து அளவுகோலைப் படிப்பதிலும் ஒரு தப்புக்கணக்கு இருக்கிறது. ஐந்து படிகளில் மூன்றாம் படி என்றதும் நடுத்தரம், சமாளிக்கலாம் என்று நினைக்கிறோம். சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவு மரணங்களில் ஏறக்குறையப் பாதி அந்த மூன்றாம் படி நாட்களில்தான் நிகழ்கின்றன. நான்கும் ஐந்தும் அறிவித்த நாட்களில் ஆட்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். அரசு போடும் எல்லைக்கோட்டை மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2023 ஏப்ரல் 4 காட்டியது. சிக்கிமில் நாதுலா சாலையில் அன்று 13ஆம் மைல் வரைதான் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இருந்தது. 15ஆம் மைலில் விழுந்த பனிச்சரிவில் 7 பேர் இறந்தார்கள்.

நான்காவது, குழி வெட்டிச் சோதித்துப் பார்த்துவிடலாமே என்பது. செய்ய வேண்டிய சோதனைதான். அதை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்திருப்பதும் நல்லது. ஆபத்தில்லாத ஓரிடத்தில், அதே திசையைப் பார்க்கும் அதே அளவு சாய்வில் பனியை வெட்டி, 90 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள ஒரு தூணைச் சுற்றிலும் பிரித்தெடுக்கிறார்கள். அதன் ஒரு முனையில் ஷவலின் தட்டையை வைத்து, மணிக்கட்டை மட்டும் மடக்கிப் பத்து தட்டு, முழங்கையிலிருந்து பத்து தட்டு, தோளிலிருந்து பத்து தட்டு. நடுவில் எங்கோ ஓர் அடுக்கில் கோடு விழுந்து அது தூணின் மறுமுனை வரை ஒரே பாய்ச்சலில் ஓடினால், அந்தச் சரிவில் விரிசல் பரவும் என்று அர்த்தம். ஆனால் விரிசல் ஓடவில்லை என்றால் சரிவு பத்திரம் என்று அர்த்தமில்லை. காற்று பனியைச் சீராகப் பரப்புவதில்லை. குழி வெட்டிய இடத்தில் பாளம் மூன்றடி தடித்திருக்கலாம், நாற்பது மீட்டர் தள்ளி ஓர் அடிகூட இல்லாமல் மெலிந்திருக்கலாம். மெலிந்த இடத்தில் விழும் மிதிதான் அடியிலிருக்கும் அடுக்கை எளிதில் உடைக்கும். ஆகவே கெட்ட முடிவு வந்தால் அதை நம்புங்கள்; நல்ல முடிவு வந்தால் அதை மட்டும் நம்பி மேலே போகாதீர்கள். சுவிட்சர்லாந்தின் வெர்னர் முன்ட்டர், பனி நிலை, மலையின் அமைப்பு, மனிதர்கள் ஆகிய மூன்றையும் வீட்டில் ஒரு முறை, மலையடிவாரத்தில் ஒரு முறை, சரிவின் விளிம்பில் ஒரு முறை என்று வடிகட்டச் சொன்னது இதனால்தான். மூன்று வடிகட்டிகளில் முதலாவது வீட்டில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஐந்தாவது, கருவிகள். புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் பீக்கன், குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, ஷவல் ஆகிய மூன்றும் இல்லாமல் பனிச்சரிவுப் பகுதிக்குள் போகக் கூடாது. அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அவை விபத்தைத் தடுக்கும் கருவிகளல்ல. முழுக்கப் புதைந்தவரை 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைத்ததாகவும், 35 நிமிடமானால் பத்தில் மூன்று பேர்தான் பிழைத்ததாகவும் சுவிஸ் ஆய்வு ஒன்று கணக்குச் சொன்னது. ஒரு மீட்டர் ஆழத்தில் இறுகிய பனிக்குள் இருப்பவரை அந்த நேரத்துக்குள் மீட்க, குழுவில் எத்தனை பேர் அதைப் பழகியிருக்கிறார்கள்? வெளியிலிருந்து மீட்புப் படை வரும்வரை காத்திருக்க முடியாது. முதல் கால் மணி நேரத்தில் மீட்புப் படை என்பது கூட வந்தவர்கள்தான். பாறையிலும் மரத்திலும் மோதி, புதைவதற்கு முன்பே இறப்பவர்களை எந்தக் கருவியும் காப்பாற்றாது.

கடைசியாக, நம்மிடையே அதிகம் கேட்கும் வாதம்: இத்தனை வருடம் சஹ்யாத்ரியில் மழையிலும் சேற்றிலும் ஏறியிருக்கிறோம், மலை நமக்குப் புதிதா? சஹ்யாத்ரி கற்றுத்தரும் கால் பிடிப்பும் மூச்சும் பெரிய சொத்து; மறுக்கவில்லை. ஆனால் சரிவின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை சஹ்யாத்ரியே நம்மில் எத்தனை பேருக்குக் கற்றுத் தந்திருக்கிறது? இதே புனே மாவட்டத்தில், ஆம்பேகாவ் தாலுகாவில், 2014 ஜூலை 30 காலை, விடாமல் பெய்த மழைக்குப் பின் மாளிண் கிராமத்தின்மீது மலை இறங்கியது. 150 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பக்கம் வந்த அரசுப் பேருந்து ஓட்டுநர் ஊரையே காணாமல் திகைத்துத் தகவல் சொன்ன பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்களுக்கே அந்தச் சரிவு முன்கூட்டிப் பிடிபடவில்லை. ஓரிடத்தில் பலமுறை பத்திரமாக நடந்தோம் என்பது, அன்றைய சுமையைச் சரிவு தாங்கியது என்பதற்கு மட்டுமே சாட்சி. நாளைய சுமைக்கு அது ஜாமீன் தராது. பனியில் இது இன்னும் மோசம். தவறான முடிவெடுத்தும் சரிவு பெயராமல் போனால், சரியான முடிவெடுத்தோம் என்று நினைத்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம். அடுத்த முறை அதே தவறைக் கூடுதல் தைரியத்தோடு செய்கிறோம். பத்துப் பயணத்தில் விபத்தில்லாமல் வந்தவரின் அனுபவத்தில் பாதி அறிவாகவும் பாதி அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். எது எந்தப் பாதி என்று அவருக்கே தெரியாது.

அப்படியானால் குளிர்காலத்தில் போகவே கூடாதா? தாராளமாகப் போகலாம். இமயத்தின் குளிர்காலப் பாதைகளில் பல, காட்டுக்குள்ளும் அகன்ற முகட்டின் மேலும் போகின்றன. 25 டிகிரிக்குக் குறைந்த சாய்வில், மேலே செங்குத்தான சரிவு எதுவும் தொங்காத வழியில், பனி எவ்வளவு பெய்தாலும் பாளம் பெயர்வதற்கு இடமில்லை. மேலே என்ன தொங்குகிறது என்று பார்ப்பது முக்கியம். சமதரையில் நடப்பவரின் மிதியே மேலேயுள்ள பாளத்தைக் கிளப்பிவிட முடியும். ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: ஆபத்தான நாளில் ஆபத்தான சரிவில் இருக்க வேண்டிய கட்டாயத்தைத் திட்டத்திலிருந்தே நீக்குங்கள். கூடுதலாக இரண்டு நாள் ஒதுக்குங்கள். இரண்டு நாள் காத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அடியில் வலுவில்லாத அடுக்கு வாரக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. ஆனால் காத்திருக்கவும் திரும்பவும் முடிந்த குழுதான் அறிகுறிகளை நேர்மையாகப் பார்க்கும். உச்சிக்குப் போகும் பாதையோடு, போகாவிட்டால் எங்கே நடப்பது என்று சாய்வு குறைந்த இரண்டாவது பாதையையும் புனேயிலேயே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வானிலையைப் பாருங்கள். 2014இல் ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது அக்டோபர் 12; அதன் மிச்சம் நேபாளத்தின் அன்னபூர்ணா வட்டாரத்தில் பனிப்புயலாகவும் பனிச்சரிவாகவும் மாறி நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது அக்டோபர் 14. இடையில் முழுசாக இரண்டு நாள் இருந்தது.

பயண நிறுவனங்களிடமும் விலையையும் சாப்பாட்டையும் மட்டும் கேட்காதீர்கள். பாதையில் 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவு எங்கெங்கே வருகிறது, 24 மணி நேரத்தில் ஓர் அடிக்கு மேல் பனி விழுந்தால் என்ன செய்வீர்கள், கடந்த சீசனில் எத்தனை முறை பாதி வழியில் திரும்பினீர்கள், குழுவுக்கு எத்தனை பீக்கன், திரும்ப நேர்ந்தால் வழிகாட்டியின் கூலியில் கை வைப்பீர்களா? ஐந்தே கேள்விகள். ஒருமுறைகூடத் திரும்பியதில்லை என்று பெருமையாகச் சொல்லும் நிறுவனத்தைத் தவிர்த்துவிடுங்கள். குழுவுக்குள்ளும் ஒரு விதி வேண்டும்: யார் வேண்டாம் என்று சொன்னாலும், அவர் முதல்முறை வந்தவராகவே இருந்தாலும், காரணம் கேட்டு வாதாடாமல் அந்தச் சரிவைக் கடப்பதைக் கைவிடுவது. மலையடிவாரத்தில் இதைப் பேசினால் கோழை என்ற பேச்சு வரும். ஊரிலேயே பேசி முடித்தால் அது ஒப்பந்தமாகிவிடும்.

அடுத்த குளிர்காலப் பயணத்துக்கான லீவு விண்ணப்பத்தை இன்னும் சில வாரங்களில் எழுதப்போகிறீர்கள். எட்டு நாள் என்று எழுதும் இடத்தில் பத்து என்று எழுதுங்கள். மேலாளர் தராவிட்டால் சிகரத்தை மாற்றுங்கள், நாளைக் குறைக்காதீர்கள்.

அன்புடன்,
புனேவாழ் தமிழர் ஒருவர்